மடிக்கணினியின் ஒலி விசைகளும் லினக்சும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உருவத்தில் மிகச் சிறியது. மடிக்கணினியின் விசைப்பலகையில் மேல் வரிசையைப் பாருங்கள். எஃப்-1, எஃப்-2 என்று தொடங்கும் விசைகளின் மேல் சின்னச் சின்னப் படங்கள் அச்சிட்டிருக்கும். ஒலிபெருக்கியின் படம் ஒன்று, சூரியனைப் போன்ற படம் ஒன்று, குறுக்கே கோடு போட்ட ஒலிவாங்கி ஒன்று. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், பாட்டை நிறுத்தவும் தொடரவும், திரையின் வெளிச்சத்தை மாற்றவும் பயன்படும் இவற்றைப் பல்லூடக விசைகள் என்கிறோம். லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபின் இவை வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்பதே இன்றைய உரை.

இதற்கு ஓர் உரை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. கணினி நன்றாக இருக்கிறது, திரையில் கீறல் இல்லை, மின்கலமும் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. ஆனால் பாதுகாப்புக்கான திருத்தங்கள் மட்டும் வருவதில்லை. இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு மறுவாழ்வு.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதைத் திரட்டி முறைப்படி மறுபயனீடு செய்யும் திட்டம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கழிவை நல்ல முறையில் சேகரிப்பது நல்லதுதான். கழிவாகாமல் காப்பது அதைவிட நல்லது.

காத்தோங்கில், சிலோன் ரோட்டிலுள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலுக்கு அருகே ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். எட்டு வயதான மடிக்கணினி. பேரன் அதில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்திருக்கிறான். தாத்தாவுக்குக் காது சற்று மந்தம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையோடு அவர் முகம் பார்த்துப் பேசுகிறார். ஒலி போதவில்லை. வழக்கப்படி விசையை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. திரையின் மூலையிலுள்ள சிறிய படத்தைச் சுட்டியால் தேடிப் பிடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டு நாள் இப்படி நடந்தால், கணினி கெட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். ஒரு விசை செய்யும் மௌனம் முழுக் கணினியையும் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோகக் கூடும். ஆகவேதான் இந்தச் சிறிய பொருளுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம்.

விசை வேலை செய்யாததற்குக் காரணம் தேடுமுன், விசையை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்கு அனுப்பும் கடிதத்தை உவமையாகச் சொல்லலாம். அஞ்சல் பெட்டியில் போடுகிறோம்; அஞ்சலகத்தில் பிரிக்கிறார்கள்; தபால்காரர் பெயரைப் பார்த்து எடுத்துச் செல்கிறார்; வீட்டில் இருப்பவர் பிரித்துப் படித்து ஆவன செய்கிறார். கடிதம் சேரவில்லை என்றால், எந்த இடத்தில் தங்கிவிட்டது என்று பார்ப்போம் அல்லவா? விசையின் செய்தியும் இவ்வாறே நான்கு நிலையங்களைக் கடக்கிறது.

முதல் நிலையம் விசைப்பலகை. விசையை அழுத்தியதும் அது ஓர் எண்ணை அனுப்புகிறது. இதற்கு ஸ்கேன் கோடு என்று பெயர். 1981இல் வந்த ஐபிஎம் தனியாள் கணினியின் விசைப்பலகையில் 83 விசைகளே இருந்தன. பிறகு விசைகள் கூடியபோது, பழைய எண்களைக் கலைக்காமல், புதிய விசைகளில் பலவற்றுக்கு முன்னால் ஒரு முன்னொட்டு எண்ணைச் சேர்த்தார்கள். ஒலி விசைகளும் இந்த முன்னொட்டோடு வருபவையே. அவற்றுள் சிலவற்றுக்குப் பொதுவான எண்கள் உண்டு. ஆனால் மடிக்கணினி செய்யும் நிறுவனங்கள் சில விசைகளுக்குத் தம் விருப்பப்படி எண் கொடுத்துவிடுகின்றன. பெரும்பாலான தொல்லைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் நிலையம் லினக்சின் கரு, அதாவது கெர்னல். விசைப்பலகை அனுப்பிய எண்ணைக் கரு தன் அட்டவணையில் தேடி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஓர் எண்ணாக மாற்றுகிறது. ஒலியை அடக்குவதற்கு 113, குறைப்பதற்கு 114, கூட்டுவதற்கு 115, பாட்டை நிறுத்தித் தொடர்வதற்கு 164. இவை எந்த நிறுவனத்தின் கணினியிலும் மாறுவதில்லை.

மூன்றாம் நிலையம் திரையைக் கவனிக்கும் மென்பொருள். எக்ஸ் என்றோ வேலண்ட் என்றோ இதற்குப் பெயர். இது எண்ணுக்கு ஒரு பெயர் சூட்டுகிறது. கரு கொடுத்த எண்ணோடு எட்டைக் கூட்டிக்கொண்டு பெயரைத் தேடுவது எக்சின் வழக்கம். எனவே கருவில் 115 ஆக இருந்தது இங்கே 123 ஆகிறது. 'ஆடியோ ரெய்ஸ் வால்யூம்' என்ற பெயரும் கிடைக்கிறது.

நான்காம் நிலையம் நாம் பார்க்கும் மேசைத்தளம். இந்தப் பெயர் வந்ததும் ஒலியை ஐந்து விழுக்காடு கூட்டு என்று கட்டளையிடுவது இதன் வேலை.

இந்த நான்கில் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இனி அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

முதற்கண், கணினிக்குள்ளே புகுமுன் வெளியே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. விசைப்பலகையின் இடது கீழ்மூலையில் எஃப்-என் என்று ஒரு விசை இருக்கும். பெரும்பாலான மடிக்கணினிகளில் இதை அழுத்தும் செய்தி லினக்சுக்கு வருவதே இல்லை. விசைப்பலகையைக் கவனிக்கும் சிறிய சில்லு தன்னளவில் கையாண்டு முடித்துவிடுகிறது. மேல் வரிசை விசைகள் எஃப்-1 ஆக வேலை செய்யவேண்டுமா, ஒலி விசையாக வேலை செய்யவேண்டுமா என்பதைப் பயாஸ் என்ற தொடக்க அமைப்பில் மாற்றலாம். சில கணினிகளில் இதற்கு 'ஹாட்கீ மோட்' என்றும், சிலவற்றில் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' என்றும் பெயர். வேறு சிலவற்றில் எஃப்-என் விசையோடு எஸ்கேப் விசையைச் சேர்த்து அழுத்தினாலே மாறிவிடும். ஆகவே எஃப்-என் விசையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, பிடிக்காமல் ஒருமுறை என இரண்டு விதமாகவும் அழுத்திப் பாருங்கள். பல வீடுகளில் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால், முனையம் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறவுங்கள். 'ஈவிடெஸ்ட்' என்று ஒரு சிறு கருவி உண்டு. ஈ, வி, டி, ஈ, எஸ், டி என்ற ஆங்கில எழுத்துகள். அதை நிறுவி, நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள். விசைப்பலகைகளின் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இயங்காத விசையை அழுத்துங்கள். மூன்று விதமான விடைகள் வரலாம்.

முதலாவது, 113, 114, 115 போன்ற சரியான எண்ணும் பெயரும் வருவது. முதல் இரண்டு நிலையங்களிலும் குறை இல்லை என்று இதற்குப் பொருள். சிக்கல் மேலே இருக்கிறது.

இரண்டாவது, ஸ்கேன் கோடு வருகிறது, ஆனால் 'அன்நோன்', அதாவது அறியாத விசை என்று சொல்லுகிறது. அஞ்சலகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது, முகவரிதான் புரியவில்லை.

மூன்றாவது, ஒன்றுமே வராமல் இருப்பது. இப்போது பட்டியலிலுள்ள மற்ற சாதனங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் ஒலி, வெளிச்ச விசைகள் விசைப்பலகை வழியாக வருவதில்லை. ஏசிபிஐ, டபிள்யூ-எம்-ஐ என்னும் வேறு வழிகளில் வருகின்றன. ஏசஸ், டெல், எச்பி, லெனோவோ முதலிய நிறுவனங்களின் கணினிகளுக்கென்று கருவில் தனித்தனி இயக்கிகள் இருப்பது இதனால்தான். எந்தச் சாதனத்திலும் ஒன்றும் வரவில்லை என்றால், அந்தக் கணினிக்குரிய இயக்கி ஏறவில்லை என்று கொள்ளலாம். கருவின் புதிய பதிப்புக்கு மாறுவதே இங்கு முதல் மருந்து.

இரண்டாவது நிலைமையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம் கையால் திருத்தக்கூடியது அதுவே. அறியாத விசை அழுத்தப்பட்டால் கரு தன் நாட்குறிப்பில் அதைக் குறித்து வைக்கிறது. 'அறியாத விசை அழுத்தப்பட்டது, எண் ஏ-பி' என்று ஒரு வரி. 'இதைத் தெரிவிக்க செட்கீகோட்ஸ் கட்டளையைப் பயன்படுத்துக' என்று மறுவரி. குறையைச் சொல்லும் இடத்திலேயே பரிகாரத்தையும் சொல்லும் பண்பு இது. ஆனால் செட்கீகோட்ஸ் கட்டளையால் செய்த மாற்றம் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். சோதித்துப் பார்க்க மட்டுமே அதைக் கொள்ள வேண்டும்.

நிலையான பரிகாரம், யூடெவ் என்னும் அமைப்பின் வன்பொருள் அட்டவணையில் எழுதி வைப்பது. இடிசி என்ற அடைவுக்குள் யூடெவ். அதற்குள் எச்-டபிள்யூ-டி-பி புள்ளி டி என்ற அடைவு. அங்கே எச்-டபிள்யூ-டி-பி என்று முடியும் பெயரில் ஒரு சிறு கோப்பு உண்டாக்குங்கள். அதில் இரண்டே வரிகள் போதும். முதல் வரி, எந்தக் கணினியின் விசைப்பலகை என்பதைச் சொல்வது. இரண்டாம் வரி, 'கீபோர்ட் அடிக்கோடு கீ அடிக்கோடு ஏ-பி' என்று எழுதி, சமக்குறி இட்டு, 'பிளேபாஸ்' என்று விசையின் பெயரைத் தருவது. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அமைப்பு அந்த வரியை ஏற்காது. பிறகு 'சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்' என்ற கட்டளை, அதன்பின் 'யூடெவ்ஏடிஎம் ட்ரிக்கர்' என்ற கட்டளை. விசை பேசத் தொடங்கிவிடும்.

சில கணினிகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒலி விசையை ஒருமுறை தொட்டால் ஒலி ஏறிக்கொண்டே போகும், நிற்காது. விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியை அனுப்பும் விசைப்பலகை, அது விடுபட்டது என்ற செய்தியை அனுப்பாததே காரணம். விரல் இன்னும் விசைமேல் இருப்பதாகவே கரு நினைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன கோப்பில் விசையின் பெயருக்கு முன்னால் ஒரு வியப்புக்குறி இட்டால், விடுபட்டதாகக் கருவே எடுத்துக்கொள்ளும்.

இனி மூன்றாம், நான்காம் நிலையங்கள். எக்சில் இயங்குவோர் 'எக்ஸ்-ஈ-வி' என்ற கருவியாலும், வேலண்டில் இயங்குவோர் 'டபிள்யூ-ஈ-வி' என்ற கருவியாலும் விசையின் பெயர் சரியாக வருகிறதா என்று பார்க்கலாம். பெயர் வந்தும் வேலை நடக்கவில்லை என்றால் குறை மேசைத்தளத்தில். குனோம், கேடிஈ என்ற பெரிய மேசைத்தளங்கள் இவற்றைத் தாமே கவனித்துக்கொள்ளும். பழைய கணினிகளுக்கு நாம் விரும்பி நிறுவும் எளிய எக்ஸ்எஃப்சிஈயில், பலகத்தில் பல்ஸ்ஆடியோ சொருகி இருக்க வேண்டும். அதன் அமைப்பில் விசைகளால் ஒலியை மாற்றும் வசதியும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஐ-3, ஸ்வே போன்றவற்றில் ஒவ்வொரு விசைக்கும் கட்டளையை நாமே எழுத வேண்டும். ஒலிக்கு 'டபிள்யூபி-சிடிஎல்' அல்லது 'பிஏ-சிடிஎல்', பாட்டை நிறுத்தவும் தொடரவும் 'பிளேயர்-சிடிஎல்', வெளிச்சத்துக்கு 'பிரைட்னஸ்-சிடிஎல்' என்ற கருவிகள் உள்ளன.

திரையில் ஒலிப்பட்டை ஏறி இறங்குகிறது, காதுக்கு மட்டும் மாற்றம் இல்லை என்றால், விசையைக் குறை சொல்வது நியாயமல்ல. ஒலி வேறு வழியில், பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாக, போய்க்கொண்டிருக்கும். ஒலி வெளியேறும் சாதனத்தை மாற்றினால் போதும்.

ஒலிவாங்கியை அடக்கும் விசையின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. கருவில் அதன் எண் 248. எட்டைக் கூட்டினால் 256. 1987இல் வெளிவந்த எக்ஸ் பதினொன்றாம் பதிப்போ 255 வரைதான் எண்களை ஏற்கும். ஓரே ஓர் எண்ணால் இந்த விசை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது! இதனால், பல்லாண்டுகளாகப் பல கணினிகளில் இதற்கு எஃப்-20 என்ற மாற்றுப்பெயர் சூட்டி உள்ளே அழைத்து வந்தார்கள். எஃப்-20 என்று ஒரு விசை நம் மடிக்கணினியில் கிடையாதே, ஈவிடெஸ்டில் இப்படி வருகிறதே என்று சிலர் திகைப்பதுண்டு. காரணம் இதுதான்.

இப்போது தமிழில் தட்டெழுதும் நேயர்களுக்கென்று ஒரு செய்தி. எக்ஸ்மாட்மேப் என்ற பழைய கருவியால் மூன்றாம் நிலையத்தில் விசைகளுக்குப் பெயர் மாற்றலாம் என்று பல பழைய குறிப்புகள் சொல்லும். ஆங்கிலம் ஒன்றிலேயே எழுதுகிறவருக்கு அது ஒருவாறு பயன்படும். நாமோ ஒரு மடலுக்குள்ளேயே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பலமுறை மாறுகிறோம். விசைப்பலகை அமைப்பை மாற்றும்போது எக்ஸ்மாட்மேப் செய்த மாற்றங்கள் அழிந்துபோகும். காலையில் வேலை செய்த ஒலி விசை, தமிழில் நாலு வரி எழுதியபின் ஊமையாகிவிட்டது என்று வரும் குறை இப்படிப் பிறப்பதே. ஆகவே, தமிழர்கள் இரண்டாம் நிலையத்திலேயே, அதாவது யூடெவ் அட்டவணையிலேயே திருத்துவது நல்லது. அங்கே செய்த திருத்தத்தை மொழி மாற்றம் தொடாது.

தமிழ் எழுத்தும் இதே பாதையில்தான் பயணம் செய்கிறது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாகவே விழும். அந்தப் புள்ளியை இடுவது கருவோ விசைப்பலகையோ அன்று. மூன்றாம் நிலையத்துக்குப் பின் ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருள் நின்றுகொண்டு அந்த வேலையைச் செய்கிறது.

கைவசம் உள்ள விசைகளுக்குள் நம் தேவையை அடக்குவது தமிழருக்குப் பழகிய கலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, எழுத்துகள் பல, விசைகள் சில என்ற சிக்கலைச் சந்தித்தார். நகரா விசைகளால் அதைத் தீர்த்தார். அழுத்தினால் குறி விழும், தாள் நகராது. அடுத்த எழுத்து அந்தக் குறியோடு சேர்ந்து ஒன்றாகும். சிலோன் ரோட்டுக் கோயிலைச் சுற்றி வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர்களில் பலர், பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகங்களில் எழுத்தர்களாக வேலை பார்க்க வந்தவர்களே. கணினிக் காலத்திலும் சிங்கப்பூர் பின்தங்கவில்லை. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அவருடைய முயற்சியும் சேர்ந்து, 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழிணைய மாநாடு கூடியது. விசைப்பலகையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற விவாதம் வளர்ந்து, 1999இல் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 வந்தது.

லினக்சின் தொடக்கமும் இதைப் போன்றதே. லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் பதிப்பில் பின்லாந்து விசைப்பலகை ஒன்றுக்கே இடம் இருந்தது. தன் மேசைமேல் இருந்த விசைப்பலகைக்காக அவர் எழுதினார். மற்ற நாட்டினர் தத்தம் விசைப்பலகைகளின் அட்டவணையை எழுதிச் சேர்த்தார்கள். இன்று அது உலகத்து விசைப்பலகைகளையெல்லாம் அறியும் என்றால், அவரவர் தமக்குத் தெரிந்ததை எழுதித் தந்ததே காரணம்.

இதில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. உங்கள் மடிக்கணினியின் ஊமை விசைக்கு நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை, கணினியின் மாதிரிப் பெயரோடு சேர்த்து, சிஸ்டம்டி திட்டத்தாருக்கு அனுப்பலாம். அவர்கள் பராமரிக்கும் விசைப்பலகை அட்டவணையில் அது ஏறிவிட்டால், பின்னர் வரும் பதிப்புகளில் அதே மாதிரியை வைத்திருக்கும் எவருக்கும், தஞ்சாவூரில் இருந்தாலும் டர்பனில் இருந்தாலும், விசை தானாகவே பேசும். அவர் அந்தக் கோப்பைத் திறக்கவும் வேண்டியதில்லை. உங்கள் பெயரை அறியவும் வேண்டியதில்லை.

ஆகவே நேயர்களே, விசை பேசவில்லை என்றால் உடனே கணினியைக் கைவிடாதீர்கள். எஃப்-என் விசையைப் பாருங்கள். ஈவிடெஸ்டால் எண் வருகிறதா என்று பாருங்கள். பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேசைத்தளம் கேட்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசையை மாற்றாமல் சென்றால் ஒரு மாலைப் பொழுதில் வேலை முடியும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், வேலை முடிந்தபின் அவர்கள் விரலாலேயே அந்த விசையை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.